அட்டைக்குள் அடங்கிய ஆட்டக்காரர்கள்



எனக்குச் சொந்த ஊர் கொடும்பாளூர். விராலிமலையைத் தாண்டி மதுரை போகிற ரோட்டில், துவரங்குறிச்சிக்கு முன்னால் வருகிற ஊர். பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் "ஓ, வானதி ஊரா!" என்பார்கள். எல்லாம் கல்கியின் புண்ணியம். மீதிப் பேருக்கு மூவர் கோயில் தெரிந்திருக்கும். மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரிலும் எடுப்பித்தவை அவை.

நடுக் கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில், வடமொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் விக்கிரமகேசரியின் முன்னோர் வரிசை வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். வீரதுங்கன்: மழவரை வென்றவன். நிருபகேசரி: பாம்புகளோடு வளர்ந்தவன். பரதுர்க்கமர்த்தனன்: வாதாபியை வென்றவன். சமராபிராமன்: அதிராஜமங்கலப் போரில் சளுக்கியைக் கொன்றவன். ஒரு பெயர், ஒரு சாதனை, அவ்வளவுதான். அவர் எத்தனை வருஷம் இருந்தார், எத்தனை முறை தோற்றார் என்ற பேச்சே கிடையாது. தொடக்கப் பகுதி சிதைந்துபோனதால், அந்த வரிசையின் தலைமகன் யார் என்பதும் போய்விட்டது.

வரலாற்று மாணவர்கள் கோபிக்கக் கூடாது. இந்தக் கல்வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பபிள்கம் பாக்கெட்டில் வந்த கிரிக்கெட் அட்டைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் அதே சங்கதிதானே! ஒரு முகம், ஒரு பெயர், ஒரு சாதனை. இந்த மலருக்காக நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த அட்டைகளின் கதை.

சிகரெட் பெட்டியில் பிறந்த பிள்ளை

அட்டை பிறந்தது விளையாட்டு மைதானத்தில் அல்ல, சிகரெட் பெட்டியில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தன. உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக ஏன் வைப்பானேன் என்று அதில் படம் அச்சடித்தார்கள். நடிகைகள், கப்பல்கள், பறவைகள், பிறகு விளையாட்டு வீரர்கள். வரிசை எண் போட்டதும் வியாபாரம் சூடு பிடித்தது. 17 இருக்கிறது, 18 இல்லை என்றால் மனிதனுக்குத் தூக்கம் வருமா?

இங்கிலாந்தின் பழைய சிகரெட் அட்டைகளில் நம்மவர் முகமும் உண்டு. 1896-இல் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்காக ஆடிய தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 ரன் அடித்த ரஞ்சித்சிங்ஜிதான் அவர்.

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் அட்டையில் வந்தார்கள். 1909-இல் தொடங்கிய ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை மிகச் சிலவே வெளிவந்தன. அவரே ஆட்சேபித்து நிறுத்தினாராம். சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்கிறார்கள் சிலர். காசுத் தகராறு என்கிறார்கள் வேறு சிலர். எதுவானாலும், அச்சாகாமல் நின்றதே அதன் விலையை ஏற்றியது. 2022-இல் அந்த அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

பனிக்கட்டி மேல் ஒரு ஹாக்கி

கனடாவில் பேஸ்பாலின் இடத்தில் ஐஸ் ஹாக்கி. நம் ஹாக்கி புல்லில் ஆடுவது. அவர்களுடையது உறைந்த பனிக்கட்டியின் மேல், காலில் கத்தி போன்ற ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதில் 'பக்' என்னும் கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர். 1910 வாக்கிலேயே அங்கே ஹாக்கி வீரர்களின் சிகரெட் அட்டைகள் வந்துவிட்டன. பிறகு புகையிலை போய் மிட்டாயும் சூயிங்கமும் வந்தன. வாங்குவோரும் பெரியவர்கள் போய்ச் சிறுவர்கள் ஆனார்கள்.

டொராண்டோவில் குடியேறிவிட்ட நம் வகுப்புத் தோழர் ஒருவர், தம் மகனின் அட்டைப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டினார். "மாப்ளே, நம்ம பய திருக்குறளைக் கேட்டா முழிக்கிறான், இதுல எந்த ஆளு எந்த வருஷம் எத்தனை கோல்னு கேட்டா மட்டும் கடகடன்னு சொல்றான்" என்று அலுத்துக்கொண்டார். பையன் அடுக்கிக் காட்டியதில் நான் கற்றுக்கொண்டவை இவை.

ஒரு சீசனில் 50 ஆட்டத்துக்குள் 50 கோல் என்பது ஐஸ் ஹாக்கியில் பெரிய மைல்கல். 1944-45 சீசனில் மோரீஸ் ரிச்சர்ட் முதன்முதலில் அதைச் செய்தார். 1981-82-இல் வேய்ன் கிரெட்ஸ்கி 39 ஆட்டங்களிலேயே 50-ஐத் தொட்டார். அந்த சீசனில் மொத்தம் 92 கோல். 1999-இல் ஓய்வு பெறும்போது லீக் ஆட்டங்களில் அவர் கணக்கு 894 கோல். இதை எவனும் தொட மாட்டான் என்று இருந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று ரஷ்யரான அலெக்சாண்டர் ஒவெச்கின் 895-ஆவது கோலை அடித்தார். கிரெட்ஸ்கியின் முதல் அட்டை 1979-80 சீசனுக்கு ஓ-பீ-சீ என்ற கனடா மிட்டாய்க் கம்பெனி போட்டது, வரிசை எண் 18. அன்று சில்லறைக் காசுக்குச் சூயிங்கம்மோடு வந்த அட்டையின் குறையில்லாத பிரதி ஒன்று 2021-இல் 37.5 லட்சம் டாலருக்கு விற்றது.

ஆனால் அந்தப் பெட்டியில் என்னை நிறுத்தி வைத்த அட்டை, விலை அதிகம் இல்லாத ஒன்று. பில் பரில்கோ என்ற தடுப்பாட்டக்காரர் கதை அது. 1951 ஏப்ரல் 21 அன்று, ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில், கூடுதல் நேரத்தில் டொராண்டோ அணிக்கு வெற்றி கோலை அடித்தவர். நாலு மாதம் கழித்து நண்பரோடு சிறு விமானத்தில் மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. டொராண்டோ அடுத்த முறை கோப்பையை வென்றது 1962 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூனில்தான், வடக்கே காட்டுக்குள் விமானமும் உடல்களும் கிடைத்தன.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல் வந்த ஒரு அட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கதையைச் சுருக்கிப் போட்டார்கள். அதைப் படித்த ஒரு கனடா ராக் இசைக்குழு 1992-இல் பாட்டாக்கியது. பரில்கோ என்றால் யார் என்று தெரியாத ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் திரும்பப் போய்ச் சேர்ந்தது. ஒரு மனிதனை மறதியிலிருந்து கூட்டி வர உள்ளங்கை அகல அட்டை போதுமானதாக இருந்திருக்கிறது பாருங்கள்.

பபிள்கம்மும் ட்ரம்ப் கார்டும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நான் கல்லூரியில் இருந்தது 1986 முதல் 1989 வரை. கிரிக்கெட் ஜுரம் உச்சத்தில் இருந்த காலம். 1983 உலகக் கோப்பையின் சூடு ஆறவில்லை. 1987-இல் ரிலையன்ஸ் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. 'பிக் ஃபன்' பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் வீரர் படம். அதிலேயே ரன்னோ விக்கெட்டோ குறித்திருக்கும். சொன்ன கணக்குக்கு ரன் சேர்த்துக் கொடுத்தால், விரலால் சரசரவென்று புரட்டினால் வீரர் அசைகிற மாதிரி தெரியும் குட்டிப் புத்தகம் பரிசு. ஊரில் என் தம்பி பல் எல்லாம் சொத்தையாகும் அளவுக்குச் சேர்த்தான். "படிக்கிற பயலுக்கு வாயில என்னடா எந்நேரமும் அசை போடுறது" என்று அப்பத்தா திட்டாத நாள் இல்லை.

விடுதியில் எங்களுக்கு ட்ரம்ப் கார்டு. தெரியாத தம்பிகளுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வீரர். கீழே ஆடிய டெஸ்ட், ரன், அதிகபட்ச ரன், சதம், விக்கெட், கேட்ச் என்று கணக்கு. என் கையில் இருக்கும் மேல் அட்டையைப் பார்த்து நான் "ரன்னு" என்றால், எதிராளியும் தன் மேல் அட்டையின் ரன்னைச் சொல்ல வேண்டும். யாருக்கு அதிகமோ அவருக்கே இரண்டு அட்டையும். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் சார் வரும் வரை நடக்கும். புள்ளிவிவரம் என்று பாடத்தில் வந்தால் தூங்கியவர்கள், இதில் புலிகள்.

அந்த ஆட்டத்தில் சுனில் கவாஸ்கர் அட்டை வந்தவன் ராஜா. 1987 மார்ச் 7 அன்று அகமதாபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக டெஸ்டில் 10,000 ரன்னைத் தொட்ட உலகின் முதல் மனிதர் அவர். அதே ஆண்டு ஓய்வு பெற்றபோது 125 டெஸ்டில் 10,122 ரன், 34 சதம். விக்கெட் என்று சொல்ல கபில் தேவ். 1994 பிப்ரவரியில், அதே அகமதாபாத்தில், ரிச்சர்ட் ஹாட்லியின் 431-ஐத் தாண்டி 432-ஆவது விக்கெட் எடுத்து, கடைசியில் 434-இல் நின்றார்.

சந்திரசேகர் அட்டை வந்தால் ஜாக்கிரதை. ரன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது: மொத்தமே 167. விக்கெட் என்று சொன்னால் 242. அடித்த ரன்னைவிட எடுத்த விக்கெட் அதிகம்! போலியோ தாக்கி மெலிந்த கையால் பந்து போட்டு எடுத்த 242 அது. மெலிந்த கைக்கு அட்டையில் கட்டம் கிடையாது.

அட்டை சொல்லாமல் விட்டவை

எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மொத்தத்தைச் சொல்லும்; அந்த நாளைச் சொல்லாது.

1988 ஜனவரி, சேப்பாக்கம். நரேந்திர ஹிர்வானிக்கு முதல் டெஸ்ட். எதிரே விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள். முதல் இன்னிங்ஸில் 61 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 75 ரன்னுக்கு 8. முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்! ஆனால் அவருடைய மொத்தக் கணக்கு 17 டெஸ்டில் 66 விக்கெட். ட்ரம்ப் கார்டு கணக்கில் அது சாதாரண எண். சேப்பாக்கத்தில் அந்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தவனிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

அதற்கு முன், 1986 செப்டம்பரில், அதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு 'டை'. வெற்றிக்கு 348 வேண்டும். 347-இல் கடைசி விக்கெட் மணிந்தர் சிங். டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. விடுதி மெஸ்ஸில் ரேடியோவைச் சுற்றி நின்ற நாங்கள் தட்டில் சோறு காய்ந்ததைக் கவனிக்கவில்லை. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். 48 அரைசதம்கூட இல்லை. மைல்கல் வரிசையில் வராது.

1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில் தேவ் அடித்த ஆட்டமிழக்காத 175-ஐ டிவியில் யாரும் பார்க்கவில்லை. அன்று அந்த ஆட்டத்தைப் படம் பிடிக்க ஆளே இல்லை. 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து மீட்ட ஆட்டம். நமக்கு மிஞ்சியது அந்த எண்ணும், நேரில் பார்த்தவர்களின் பேச்சும்தான். இந்த இடத்தில் எண்தான் நம்மைக் காப்பாற்றியது. எண்ணையும் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அட்டையே கிடைக்காதவர்கள்

இனிமேல் சொல்வதுதான் என் முக்கியமான விஷயம்.

எங்கள் ட்ரம்ப் கார்டு கட்டில் வி.வி. குமார் இல்லை. தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட். 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட். அப்புறம் இன்னொரு டெஸ்ட், அதோடு சரி. சுழல் பந்தில் நம் நாடு கொழித்த காலத்தில் பிறந்தது அவர் செய்த குற்றம். இரண்டு டெஸ்ட் ஆடியவருக்கு அட்டை அடித்தால் யார் வாங்குவார்கள்?

அதைவிடப் பெரிய விடுபடல் ஹாக்கி. நம் சட்டைப் பைகளில் ஹாக்கி வீரர் அட்டையை நான் பார்த்ததே இல்லை. தேசத்துக்கு ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கித் தந்த ஆட்டம் அது! எட்டாவது தங்கம் 1980 ஜூலையில் மாஸ்கோவில், ஸ்பெயினை 4-3 என்று வென்று கிடைத்தது. அணித் தலைவர் யார்? நம் சென்னையின் வி. பாஸ்கரன். அதற்குப் பிறகு இன்று வரை ஹாக்கியில் இந்தியா ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை. டோக்கியோவில் 2021-இலும், பாரிஸில் 2024-இலும் கிடைத்தவை வெண்கலம்.

இன்னொருவர் வி.ஜே. பீட்டர். 1960 ரோமில் வெள்ளி, 1964 டோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோவில் வெண்கலம். மூன்று நிறப் பதக்கமும் ஒரே மனிதரிடம். அவர் தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1975-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அண்ணன் தம்பியை இரண்டு அட்டையில் போட்டால் எந்தக் கட்டையும் ஜெயிக்கலாம். 1968, 1972 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கிய கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் நம் தமிழ்நாட்டுக்காரர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை ஆடிய தன்ராஜ் பிள்ளை பிறந்தது புனே பக்கம் கட்கி என்றாலும் வீட்டில் தமிழ்தான். இவர்களில் எத்தனை பேர் முகத்தை, பெயர் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால், நம்மால் சொல்ல முடியும்?

கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற ஊர், ஹாக்கிக்கும் பெயர் பெற்ற ஊர். அந்த வட்டாரத் தீப்பெட்டிகளில் புலி வந்தது, யானை வந்தது, கப்பல் வந்தது; அந்தப் படங்களைச் சேர்க்காத பையன் உண்டா? அதே ஊர் மைதானங்களில் ஆடி வளர்ந்த மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அவரோடு அரியலூர்ப் பையன் கார்த்தியும் ஆடினார். 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்களுக்கான ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. எங்கள் ஊர் ரோட்டில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். இந்தப் பையன்களுக்கு அடுத்த தலைமுறையில் அட்டை இருக்குமா?

அரசாங்கத் தபால் துறை ஓரளவு செய்திருக்கிறது. தயான் சந்துக்கு 1980-இல் தபால்தலை. நாயுடு, மெர்ச்சன்ட், மன்காட், தேவதர் நால்வருக்கும் 1996-இல். சச்சினுக்கு 2013-இல், அவர் 200-ஆவது டெஸ்ட் ஆடிய நேரத்தில். ஆனால் தபால்தலை சிகரத்தில் இருப்பவர்களுக்கு. அட்டையின் அழகே, கட்டில் ஐம்பது பேர் என்றால் சிகரத்தில் இருப்பவரும் நடுவில் நிற்பவரும் ஒரே அளவுக் காகிதத்தில் பக்கத்துப் பக்கம் இருப்பது. கனடாவில் பரில்கோவுக்குக் கிடைத்ததும் அதனால்தான். அவர் கிரெட்ஸ்கி அல்லர். ஆனாலும் கட்டில் இருந்தார்.

நம் கல்லூரிக்கு ஒரு யோசனை

முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் நம் கல்லூரி வென்ற கோப்பைகள் இருக்கின்றன. போன முறை வந்தபோது ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தேன். போட்டியின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, 'வெற்றியாளர்' என்று இருக்கிறது. ஆடியவர்கள் பெயர் ஒன்றில்கூட இல்லை. கூட வந்த முதலாண்டு மாணவர் ஒருவர், "யார் சார் இவங்கல்லாம்?" என்று கேட்டார். எங்கள் காலத்து இரண்டு கோப்பைக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. அதற்கு முந்தியவற்றுக்குப் பதில் தெரிந்த சீனியர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள்: நம் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஒரு கட்டு அட்டை அடிப்போம். ஐம்பது அட்டை போதும். முன்பக்கம் படம், படம் கிடைக்காவிட்டால் பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கலாம். பின்பக்கம் பெயர், படித்த ஆண்டு, பாடப்பிரிவு, ஆடிய ஆட்டம், ஒரு சாதனை. கீழே ஒரு வரி, எண்ணில் வராத விஷயத்துக்கு: ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடி ஜெயித்தவர், காய்ச்சலோடு கோல் காத்தவர், பெண்கள் அணியே இல்லாத நாளில் ஆறு பேரைச் சேர்த்து வாலிபால் அணி தொடங்கியவர் என்று.

ஜெயித்தவர்கள் மட்டும் வேண்டாம். பதினைந்தாவது ஆளாகப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கொண்டு ஓடியவருக்கும் ஒரு அட்டை. விடியற்காலையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மார்க்கர் அண்ணனுக்கும் ஒரு அட்டை. அச்சு வேலை சிவகாசிக்காரர்களுக்கு ஒரு பொழுது வேலை. செலவில் என் பங்காக முதல் 5,000 ரூபாயைச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

தகவல் திரட்டுவதுதான் பெரிய வேலை. மாணவத் தம்பி தங்கைகளே, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்திப்புக்கு வரும் மூத்தவர்களிடம் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். "சார், நீங்க எந்த வருஷம், என்ன ஆடினீங்க, உங்ககூட யார் யார் ஆடினாங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வராமல் போனவர்களின் பெயர் அதில்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டால் சுருக்கமாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுங்கள்.